ஏப்ரல் லீவில் கண்டியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கொழுந்துக்கூடை:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் மூன்றாம் வாரம் சனிக்கிழமை விடிய ஹட்டனிலிருந்து கிளம்பி, கண்டியில் ஒரு இரவு தங்கி, ஞாயிறு அந்திக்குள் வீடு சேர வேண்டும். ஏழு பேர். பெரியவர்கள் நாலு, அதில் அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. பிள்ளைகள் மூன்று: 5, 9, 14. வேன் இல்லை, பஸ்தான். என் பட்டியல்: பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, வாவி, பஹிரவகந்த புத்தர் சிலை, உடவத்தகலே காடு, டீ மியூசியம், ஹந்தானை மலை, சினிமா, ஷொப்பிங். எந்த ஒழுங்கில் போனால் எல்லாம் முடியும்?

பேராதனைவாசி:
எந்த ஒழுங்கில் போனாலும் ஒன்பது முடியாது. நாலு அல்லது ஐந்து முடியும், அதுவும் நிதானமாக முடியும்.

ஏப்ரலில் கண்டி நாளை நாம் பிரிப்பதில்லை, மழைதான் பிரிக்கும். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும், இரண்டு பக்கக் கடற்கரையிலிருந்தும் உள்ளே வருகிற கடற்காற்று மலையில் முட்டி மேலே எழும்பும். பதினொரு மணிக்கு ஹந்தானைக்கு மேலே பஞ்சுப்பொதி மாதிரித் தெரிகிற மேகம் ஒரு மணிக்குக் கறுத்துவிடும். இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இடியோடு கொட்டும். எல்லா நாளும் கொட்டும் என்றில்லை. ஆனால் கொட்டாது என்று நம்பித் திட்டம் போட்டால் ஏழு பேரும் ஏதாவது கடை வாசலில் நிற்பீர்கள்.

வெயிலும் லேசில்லை. ஏப்ரல் 5இலிருந்து 15 வரைக்குள் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாகக் கடக்கிறது, கண்டிக்கு ஏறக்குறைய 8ஆம் திகதி. நீங்கள் போகிற வாரத்திலும் மத்தியான நிழல் காலடிக்குள்தான் கிடக்கும். கண்டி 500 மீற்றர் உயரம்தான், ஹட்டன் குளிரை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு வராதீர்கள்.

ஆகவே திறந்தவெளி எல்லாம் 11.30க்குள். கூரை உள்ளதெல்லாம் 1.30க்குப் பிறகு. இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் உங்கள் பட்டியலில் எது தங்கும், எது விழும் என்று உங்களுக்கே தெரியும்.

குட்ஷெட்காரன்:
மேலே சொன்னது சரி. அதோடு பஸ் விசயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளைப் பக்கமிருந்து வருகிற பஸ் டவுனுக்குள் நுழையும் முன்னமே பேராதனைப் பூங்கா கேட்டைத் தாண்டித்தான் போகும். அங்கேயே இறங்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் டவுன் வரை போய், அறையில் பேக்கை வைத்துவிட்டு, மறுபடி 6 கிலோமீற்றர் திரும்பி வருகிறார்கள். கெட்டம்பே நெரிசலில் அதற்கே ஒரு மணித்தியாலம் போய்விடும்.

கோச்சியில் வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கண்டி ஸ்டேஷன் பிரதான பாதையில் இல்லை, பேராதனைச் சந்தியிலிருந்து பிரிகிற கிளையில் இருக்கிறது. பதுளையிலிருந்து நேரே கொழும்பு போகிற கோச்சி கண்டிக்குள் நுழையாது. பேராதனைச் சந்தியில் இறங்கினால் பூங்காவுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். கோச்சி ஓடுகிறதா என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள்.

கம்பளை_அக்கா:
குட்ஷெட்காரன் தம்பி, ஏழு பேரின் பேக்கையும் தூக்கிக்கொண்டு 147 ஏக்கர் நடக்கச் சொல்கிறீர்களா? பூங்காவை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வைக்கலாமே. 7.30க்குத் திறக்கிறார்கள், குளிர்ச்சியாக இருக்கும், பார்த்துவிட்டு அந்த வாசலிலேயே ஹட்டன் பஸ் ஏறலாம்.

குட்ஷெட்காரன்:
அக்கா, வாசலில் ஏறுகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். லீவு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் கண்டியிலேயே நிறைந்துதான் கிளம்பும். ஒரு ஆள் என்றால் புட்போர்ட்டில் தொத்தலாம். ஏழு பேர், அதில் முழங்கால் வலியோடு ஒரு அம்மா, ஐந்து வயதுப் பிள்ளை, கினிகத்தேனை வளைவு முழுக்க நின்றுகொண்டா போவது? திரும்பும்போது பஸ் புறப்படுகிற இடத்துக்கே போய் சீட் பிடிக்க வேண்டும். அதனால்தான் பூங்கா வருகிற வழிக்கு.

பேக் பிரச்சினைக்கு வழி இருக்கிறது: ஒரு இரவுதானே, ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, துவாய், அவ்வளவுதான். ஏழு பேருக்கும் சேர்த்து முதுகில் போடுகிற பேக் மூன்று போதும். சூட்கேஸ் வேண்டாம்.

புறப்படும் இடமும் முன்பு மாதிரி நிச்சயமில்லை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டுமான வேலையால் பஸ்கள் நிற்கும் இடத்தை மாற்றுகிறார்கள். சனிக்கிழமை வரும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பளை_அக்கா:
அது நியாயம். சரி, சனிக்கே வைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைச் சொல்கிறேன். சனி மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தால் ஏழு பேர் செலவு பாதியாகும். ஆனால் தேங்காய்ச் சம்பல் கட்டாதீர்கள். பச்சைத் தேங்காயும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்தது இந்த வெயிலில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். கட்டச் சம்பல் தாங்கும், எண்ணெயில் வதக்கிய சீனிச் சம்பல் இன்னும் நன்றாகத் தாங்கும்.

ரொட்டிக்கு 1 கிலோ கோதுமை மாவு, ஒரு தேங்காய்த் துருவல், உப்பு மூன்று தேக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஏறக்குறைய அரை லீற்றர். தேங்காயின் ஈரத்தைப் பொறுத்துத் தண்ணீரைக் கடைசியில் கூட்டிக் குறையுங்கள், ஒரேயடியாக ஊற்றக்கூடாது. தடிப்பாகத் தட்டினால் பதினான்கு ரொட்டி வரும், ஆளுக்கு இரண்டு. பெரிய தவறு நடப்பது கட்டுகிற நேரத்தில்தான். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு சொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போடுவார்கள். ஆவி உள்ளேயே தண்ணீராகி அடியில் உள்ள ரொட்டி ஊறிவிடும், கெட்டுப்போவதும் அதுதான் முதலில். சுளகில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றுங்கள். விடிய நாலு மணிக்குச் சுட்டால் ஐந்தரைக்குக் கட்டலாம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல்.

பேராதனைவாசி:
பூங்காவில் குரங்குகள் இருக்கின்றன, அக்காவின் பார்சலுக்கு அதுதான் எமன். கையில் தொங்குகிற சொப்பிங் பேக் என்றால் அதற்குள் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். பார்சல் முதுகுப் பேக்குக்குள், ஸிப் மூடி இருக்க வேண்டும். பிள்ளை கையில் பிஸ்கட்டோடு நடக்கவிடாதீர்கள். பறிக்க வந்தால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள், கடித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் விலங்கு விசர் ஊசிக்கு நிற்க வேண்டிவரும்.

உள்ளே எல்லாவற்றையும் சுற்ற வேண்டாம். அம்மாவோடு இரண்டரை மணித்தியாலத்துக்கு இது போதும்: ஓர்க்கிட் வீடு, இரட்டைத் தேங்காய் மரங்கள், பெரிய புல்வெளி, அங்கே குடை விரித்த மாதிரிப் படர்ந்து நிற்கிற ஜாவா அத்தி. அம்மாவும் ஐந்து வயதும் புல்வெளியில் உட்காரட்டும். மற்றவர்கள் ஆற்றோரமாகப் போய் இராட்சத மூங்கிலைப் பார்த்துவிட்டு வரலாம். மழைக்காலத்தில் அதன் குருத்து ஒரே நாளில் ஒரு அடி அளவுக்குக் கூட வளரும். ஆற்றுப் பக்கத்து உயர மரங்களில் பழந்தின்னி வௌவால் ஆயிரக்கணக்கில் தொங்கும், கீழே நின்று வாயைப் பிளந்து பார்க்காதீர்கள்.

14 வயதுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் இதைச் சொல்லுங்கள். மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிற இந்தத் தோட்டத்தை 1821இல் ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இதற்குள்தான் இருந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது, பெயர்ப் பலகையும் இருக்கிறது. பனைமர வீதி ஒன்றும் உண்டு, 1887இல் நட்டது. யாழ்ப்பாணம் போகாத பிள்ளைகளுக்கு அங்கே பனையைக் காட்டலாம்.

டிக்கட் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. பெரியவர்கள் எல்லாரும் அடையாள அட்டை கொண்டு வாருங்கள்.

நுவரெலியா_குளிர்:
இந்த வெயிலில் எதற்குக் கண்டி? ஏப்ரல் என்றால் நுவரெலியா சீசன். 1868 மீற்றர், குளுகுளு என்று இருக்கும். கிரகரி வாவியில் படகு, விக்டோரியா பார்க், பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், மகாகஸ்தொட்ட கார் ஓட்டப் பந்தயம். ஹட்டனிலிருந்து தூரமும் குறைவு.

தேத்தண்ணி:
குளிர் அண்ணே, சீசன் நேரத்தில் அங்கே அறை வாடகை எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லையே. கொழும்பு முழுக்க அங்கேதான் இருக்கும். ஒருவழிப் பாதை, நானுஓயாவிலிருந்தே வாகன வால், வாவிக்கரையில் நடக்க இடமில்லை. நுவரெலியாவை ஹட்டன்காரர்கள் மே கடைசியில் ஒரு சாதாரண ஞாயிறு போய் வரலாம், வாவியும் பார்க்கும் எங்கேயும் ஓடிவிடாது. ஹோட்டன் சமவெளி வேண்டும் என்றால் அது தனி நாள். விடிய ஆறு மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும், 9.5 கிலோமீற்றர் சுற்று, பத்து மணிக்குள் உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்பு மூடுபனிக்குள் போய்விடும். 70 வயது முழங்காலுக்கு அது இல்லை.

ஹந்தானை77:
பட்டியலில் ஹந்தானை மலை ஏற்றத்தைக் கண்டேன். இந்தக் குழுவுக்கும் இந்த மாதத்துக்கும் பொருந்தாது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காரணம் ஏற்றம் இல்லை, மின்னல். உச்சி வரிசை முழுக்க மானாப்புல், ஒதுங்க மரமும் இல்லை, மரம் இருந்தாலும் ஒதுங்கக் கூடாது. கறுப்பு மேகம் வந்த பிறகு இறங்கத் தொடங்கினால் முடிவதற்குள் பிடித்துவிடும். மூடுபனியும் சேர்ந்தால் பாதை தெரியாது.

இடிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவுக்கும் இது பொருந்தும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக்கூடாது. ஜாவா அத்திக்குக் கீழே மழை ஒழுகாது என்று நிற்பவர்கள் உண்டு. அந்த மாதிரிப் பழைய மரங்களில் மின்னல் ஒரு ஆபத்து, காற்றில் முறிந்து விழுகிற கிளை இன்னொரு ஆபத்து.

மலை பார்க்கத்தான் ஆசை என்றால் டீ மியூசியத்துக்கு ஓட்டோவில் போங்கள். அதுவும் ஹந்தானையில்தான் இருக்கிறது, டவுனிலிருந்து மூன்று நாலு கிலோமீற்றர். மேல்மாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மலையைப் பார்க்கலாம்.

கொழுந்துக்கூடை:
மலையை எடுத்துவிட்டேன். டீ மியூசியம் உண்மையில் தேவையா? பிள்ளைகள் தினம் பார்க்கிற பெக்டரிதானே?

தேத்தண்ணி:
பிள்ளைகள் தினம் பார்ப்பது பெக்டரியின் வெளிச்சுவரை. உள்ளே யார் விடுகிறார்கள்? இங்கே 1925இல் கட்டிய பழைய ஹந்தானை பெக்டரியைத் திருத்தி 2001இல் மியூசியமாக்கினார்கள். கீழே பழைய ரோளர்கள், உலர்த்தும் மெஷின்கள், அவற்றை ஓட்டிய எஞ்சின்கள். கொழுந்து வாடுவது, உருளுவது, புளிப்பது, காய்வது, சலிப்பது என்ற ஒழுங்கை மெஷினைத் தொட்டுக் காட்டிச் சொல்ல முடியும். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களும் இருக்கின்றன. டெய்லரைப் பற்றி அவ்வளவு வைத்தவர்கள் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் குறையைப் பெரியவர்கள் கதையாகச் சொல்லி நிரப்பலாம், அம்மா வருகிறார்தானே.

மாடிகள் படிக்கட்டு. அம்மா கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே இருக்கலாம்.

ஓட்டோ போகும்போதே திரும்பி வரும் கூலியையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மேலேயிருந்து திரும்ப ஓட்டோ கிடைப்பது நிச்சயமில்லை. ஏழு பேருக்கு மூன்று ஓட்டோ, அல்லது பிக்மீ அப்பில் ஒரு வேன். இரண்டையும் விசாரித்துப் பாருங்கள், வேன் மலிவாக வருவதும் உண்டு.

பேராதனைவாசி:
தலதா மாளிகைக்கு நேரம்: பூசை விடிய 5.30, காலை 9.30, மாலை 6.30. மாலைப் பூசை மேளத்தோடு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் லீவு சனிக்கிழமை வரிசை நீளம். 5.45க்கு வாசலில் நிற்க வேண்டும். தோள் மூடியிருக்க வேண்டும், முழங்கால் மூடியிருக்க வேண்டும், இது 14 வயதுப் பையனின் கட்டைக் காற்சட்டைக்கும் சேர்த்துத்தான். வாசலில் சோதனை உண்டு, பேக்கை அறையில் வைத்துவிட்டு வந்தால் சீக்கிரம் முடியும். செருப்பு வெளியே கவுண்டரில், ஏழு சோடியையும் ஒன்றாகக் கட்டி ஒரு டோக்கன் எடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது, செல்பி எல்லாம் அந்த வகையில்தான் சேரும்.

நீங்கள் போகிற நாள் போயாவா, அதாவது பௌர்ணமி விடுமுறையா என்று கலண்டரில் பாருங்கள். போயா என்றால் மாளிகைச் சுற்றுவட்டாரமே நிறைந்துவிடும், இறைச்சிக் கடையும் மூடியிருக்கும்.

வாவி நடை ஞாயிறு காலை ஆறு மணிக்கு. சுற்று மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்தது. அலை அலையாகத் தெரிகிற அந்தச் சுவரைச் சிங்களத்தில் மேகச் சுவர் என்பார்கள். வரும் வழியில் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஹந்தானை77:
பஹிரவகந்தயை மத்தியானம் வைக்காதீர்கள். 88 அடிச் சிலை, டவுனில் எங்கே நின்றாலும் தெரியும். மேலே செருப்பில்லாமல் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்குத் தரை தோசைக்கல். காட்சிக்காகத்தான் என்றால் ஆதர்ஸ் சீட்டில் ஓட்டோவை ஐந்து நிமிடம் நிறுத்தினாலே வாவியும் மாளிகையும் ஒன்றாகத் தெரியும்.

உடவத்தகலே மாளிகைக்குப் பின்னாலேயே இருக்கிற நல்ல காடு, 250 ஏக்கருக்கு மேல். முதல் நாள் மழை பெய்திருந்தால் அட்டை கட்டாயம். கணுக்காலிலும் காலுறை மேல் விளிம்பிலும் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிட்டுப் போங்கள், சித்தாலேபத் தைலமும் உதவும். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டவைத்து, அட்டையின் மெல்லிய முனையிலிருந்து பக்கவாட்டில் சுரண்டிவிடுங்கள். கொஞ்ச நேரம் இரத்தம் வரும், அது உறையாமல் இருக்க அட்டை விடுகிற பொருளால்தான். துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

கொழுந்துக்கூடை:
உடவத்தகலேயையும் எடுத்துவிடுகிறேன், ஐந்து வயதுக்கு அட்டை என்றால் வீடே அதிரும். சனி மத்தியானம் மழை நேரத்துக்கு என்ன செய்யலாம்? ஆகஸ்ட் லீவில் மாளிகைப் பெரஹரா ஊர்வலத்துக்கே வருவது மேலா?

குட்ஷெட்காரன்:
மழை நேரத்துக்குக் கேசிசி என்கிற கண்டி சிட்டி சென்டரில் சினிமா இருக்கிறது, கடைகளும் அதே கூரைக்குள். அந்தி ஐந்து மணி போல கண்டி நடன நிகழ்ச்சி நடக்கும் மண்டபங்கள் வாவிப் பக்கம் இருக்கின்றன, ஒரு மணித்தியாலம், கடைசியில் தீ மிதிப்பு. ஆனால் அதைப் பார்த்தால் 6.30 பூசைக்கு ஓட வேண்டும். இரண்டில் ஒன்றை எடுங்கள்.

பெரஹரா வேறு கணக்கு. முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா என்கிற சிறிய ஊர்வலம், அதன் பிறகு ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா என்கிற பெரிய ஊர்வலம். கடைசி ரந்தோலிக்குப் பிள்ளைகளோடு வந்தால் நடைபாதையில் மத்தியானத்திலிருந்தே இடம் பிடித்து உட்கார வேண்டும், ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடும். கும்பல் பெரஹராவின் மூன்றாம், நாலாம் இரவு வாருங்கள். யானை குறைவு, ஊர்வலமும் நீளம் குறைவு, கூட்டமும் குறைவு, பிள்ளைகளுக்கு அது தாராளம். முதலில் சாட்டை அடிப்பவர்கள் வருவார்கள். மாளிகைப் பெரஹரா முடிந்து நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி தேவாலயங்கள் அந்த ஒழுங்கில் வரும். கதிர்காமத் தேவாலயத்தின் முறை வந்தால் காவடி ஆட்டம் வரும், அப்போது தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுங்கள்.

ஆகஸ்டில் மழையும் வேறு வகை. இடி குறைவு, தூறல் விடாமல் பிடிக்கும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழை பலமாக இருந்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அவசர அம்புலன்ஸ் 1990. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

தேத்தண்ணி:
யாரும் சொல்லாத ஒன்று: புதுவருசம். 13, 14 இரண்டு நாளும் டவுன் பூட்டியிருக்கும். 15, 16இலும் பாதிச் சாப்பாட்டுக் கடை திறக்காது, டிரைவர், கண்டக்டர் எல்லாரும் ஊருக்குப் போயிருப்பதால் பஸ்ஸும் குறையும். உங்கள் சனி 15 அல்லது 16 என்றால் அடுத்த சனிக்குத் தள்ளுங்கள்.

கொழுந்துக்கூடை:
நன்றி. இப்படி வைத்திருக்கிறேன். சனி 5.45 பஸ், பூங்கா 11.30 வரை, அங்கேயே ரொட்டி, அறை, கேசிசி, 5.45க்கு மாளிகை வாசல். ஞாயிறு ஆறு மணிக்கு வாவி, கட்டுக்கலைக் கோயில், 9.30க்கு டீ மியூசியம், 12க்குச் சாப்பாடு, 1.30க்குப் பஸ். ஏதாவது பிசகினால் திங்கள் காலை வரை தங்கி மியூசியத்தை அன்றைக்குப் பார்க்கலாம் என்றும் நினைக்கிறேன்.

பேராதனைவாசி:
திங்கட்கிழமை மியூசியம் பூட்டு. பிசகினால் திங்களுக்கு வாவி நடையைத் தள்ளுங்கள், மியூசியத்தை ஞாயிற்றிலேயே வையுங்கள். பெரிய அறைகள் மத்தியானம் 2க்குத்தான் திறந்து கொடுப்பார்கள். 12 மணிக்கே வந்தால் பேக்கை மட்டுமாவது வைக்கலாமா என்று முதல் நாளே போன் பண்ணிக் கேளுங்கள்.

கம்பளை_அக்கா:
5.45 பஸ் என்றால் ரொட்டியை மூன்றரைக்குச் சுடத் தொடங்குங்கள். ஆறவிட ஒரு மணித்தியாலம் வேண்டும்.